சீமைக்குப் போன சீட்டி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கண்டாங்கிச் சேலை பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி கண்டாங்கியை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்கின்றன. பெட்டகத்தில் கிடக்கிற பூப்போட்ட பழைய துணி, வெளிநாட்டில் பார்த்த பூப்போட்ட கவுன், சாயவேர் என்று எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. சரி, இந்த முறை முழுக்க அதுவே.

கேள்வி: மகள் நெதர்லாந்தில் இருக்கிறாள். பேரன் பிறந்ததற்குப் போயிருந்தபோது ஒரு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி போட்டிருந்த பழைய கவுன், வெள்ளைத் துணி முழுக்கச் சிவப்பும் நீலமுமாய்ப் பூவும் கொடியும். துணி சோழமண்டலக் கரையில் செய்தது, 18ஆம் நூற்றாண்டு என்று எழுதியிருப்பதாக மகள் வாசித்துச் சொன்னாள். நம் ஊர்த் துணியா அது? அச்சுப் போட்டதா, கையால் எழுதியதா? ஊருக்குத் திரும்பியும் அதே நினைப்பாக இருக்கிறது. (பள்ளத்தூரில் இருந்து ஓர் ஆச்சி)

பதில்: நம் கரையில் செய்த துணியேதான் ஆச்சி, சந்தேகமே வேண்டாம். சோழமண்டலக் கரை என்று அவர்கள் சொல்வது ஆந்திராவில் கிருஷ்ணா ஆறு கடலில் சேரும் இடத்தில் இருந்து கீழே நாகப்பட்டினம் வரைக்கும் நீளுகிற கிழக்குக் கடற்கரை. அந்த நாகப்பட்டினம் 1658இல் இருந்து 1781 வரை டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. தரங்கம்பாடியில் டேன்மார்க்காரர்கள், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக்காரர்கள், கடலூரிலும் சென்னையிலும் ஆங்கிலேயர்கள் என்று ஆளுக்கொரு கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்ததற்குப் பெரிய காரணமே துணிதான். முதலில் இங்கே துணி வாங்கி, அதைக் கிழக்கே தீவுகளில் கொடுத்து மிளகும் கிராம்பும் மாற்றிக்கொண்டார்கள். அப்புறம் துணியையே தங்கள் ஊருக்கும் ஏற்றிப் போக ஆரம்பித்தார்கள். சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை இருக்கிறதே, சின்னத் தறிப் பேட்டை, அது 1734இல் நெசவுக்காரர்களையும் நூற்பவர்களையும் துணிக்கு வண்ணம் எழுதுபவர்களையும் வெளுப்பவர்களையும் குடியேற்றுவதற்காகவே ஆங்கிலேயர்களின் கிழக்கிந்தியக் கம்பெனி உண்டாக்கிய ஊர்.

டச்சு மொழியில் இந்தத் துணிக்குப் பெயர் சிட்ஸ். இங்கிலீஷில் சின்ட்ஸ். நம் அப்பத்தாக்கள் சீட்டிப் பாவாடை, சீட்டி ரவிக்கை என்றார்களே, அந்தச் சீட்டிதான். புள்ளி, தெறிப்பு என்ற அர்த்தத்தில் வடக்கே வழங்கிய ஒரு சொல் நமக்குச் சீட்டியாகவும் அவர்களுக்குச் சிட்ஸாகவும் ஆகிவிட்டது. நீங்கள் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று சீட்டி என்று சொல்லியிருந்தால் பக்கத்தில் நின்ற டச்சுக்காரப் பாட்டிக்கே புரிந்திருக்கும்.

அச்சா எழுத்தா என்று கேட்டீர்கள். மரக்கட்டை அச்சில் போட்டதும் உண்டு, ஆனால் சோழமண்டலக் கரையின் உயர்ந்த ரகமெல்லாம் கையால் எழுதியது. அதை எப்படி எழுதினார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கவுனின் பெருமை அதில்தான் இருக்கிறது, தையலில் இல்லை.

பாதி வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், பாலில் உள்ள கொழுப்பு எழுதுகிற கோடு ஊறிப் பரவாமல் காக்கும். அப்புறம் துணியை மரக்கட்டையால் அடித்து அடித்து வழவழப்பாக்குவார்கள். காகிதத்தில் படம் வரைந்து கோட்டின் மேல் ஊசியால் துளை போட்டு, துணி மேல் விரித்து, கரித்தூள் பொட்டலத்தால் தட்டினால் கீழே புள்ளி புள்ளியாகப் படம் இறங்கும். மூங்கில் குச்சியின் நடுவில் சுற்றிய கம்பளி உருண்டையில் சாயத்தை நனைத்துக்கொண்டு, விரலால் அதை அழுத்தி அழுத்தி நுனிக்கு இறக்கி எழுத வேண்டும். கறுப்புக் கோட்டுக்கு இரும்பைப் புளிக்கவைத்த காடி. சிவப்பு வர வேண்டிய இடத்தில் எழுதுவது சிவப்புச் சாயத்தால் இல்லை, படிகார நீரால்! படிகாரத்துக்கு நிறம் கிடையாது, எழுதின இடம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அடையாளத்துக்குக் கொஞ்சம் பதிமுகச் சாயம் கலந்துகொள்வார்கள். அதன்பிறகு முழுத் துணியையும் சாயவேர் போட்ட கொப்பரையில் இறக்கிக் காய்ச்சினால் படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஒட்டிக்கொள்ளும், மற்ற இடமெல்லாம் மங்கலாகக் கறைபடும். அந்தக் கறையைப் போக்க ஆட்டுப் புழுக்கை கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். கறை போய்விடும், சிவப்பு போகாது.

நீலத்துக்கு இன்னும் வேலை. அவுரிச் சாயத்தை அப்படித் தூரிகையால் எழுத முடியாது, துணியைத் தாழியில் முக்கத்தான் வேண்டும். அதனால் நீலம் வேண்டாத இடம் முழுவதையும், அதாவது துணியில் பெரும்பகுதியை, உருக்கிய மெழுகால் மூடிவிட்டு முக்குவார்கள். தாழி சூடாக இருந்தால் மெழுகு உருகிவிடும் இல்லையா, அதனால் தகரை விதையைப் போட்டுப் புளிக்கவைத்த குளிர்ந்த தாழி. முக்கி எடுத்துக் கொதிநீரில் மெழுகை நீக்கி, மறுபடி வெளுத்து, கடைசியில் மஞ்சள் பூசி, கஞ்சி போட்டுச் சங்கால் தேய்த்துப் பளபளப்பாக்கி... ஒரு துணி இத்தனை பேர் கை மாற வேண்டியிருந்தது. நீலம் முக்குபவர் வேறு, சிவப்பு எழுதுபவர் வேறு.

இவ்வளவும் நமக்குத் தெரிவது இரண்டு பிரெஞ்சுக்காரர்களால். போலியு என்ற கப்பல் அதிகாரி 1734 வாக்கில் புதுச்சேரியில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அந்தத் துண்டுகள் இன்றும் பாரிஸில் இருக்கின்றன. கேர்து என்ற ஜேசு சபைப் பாதிரியார் தன்னிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு 1742இல் ஒரு நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். ஐரோப்பாவில் அதுவரை துவைத்தால் நிற்கிற சிவப்புப் பூவைப் பருத்தியில் இந்தத் தரத்துக்குக் கொண்டுவர முடியவில்லை, அந்த ரகசியம் வேண்டித்தான் இத்தனை குறிப்பும். சொல்லிக்கொடுத்த சாயக்காரர்கள் ஒருவரின் பெயரும் கவுனுக்குக் கீழே உள்ள அட்டையில் இல்லை என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தம்தான்.

ஒன்று கவனித்தீர்களா, அந்தப் பூக்கள் நம் ஊர்ப் பூவும் இல்லை, அவர்கள் ஊர்ப் பூவும் இல்லை. வியாபாரிகள் மாதிரி அனுப்புவார்கள். லண்டனில் இருந்து கம்பெனிக்காரர்கள் 1643இலேயே, சிவப்பு உடல் வேண்டாம், வெள்ளை உடல் கூடுதலாக விட்டு நடுவில் பூவும் கிளையும் எழுதச் சொல்லுங்கள் என்று சூரத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். கண்ணால் பார்க்காத செடியை மாதிரிப் படத்தில் பார்த்து நம் ஆட்கள் எழுதியபோது இதழுக்குள் சிறு சிறு கோலம் போல வெள்ளைக் கோடுகளை நிரப்பிவிட்டார்கள். அந்த வெள்ளைக் கோடும் மெழுகு எழுத்துத்தான். அது எங்கே இருந்தாலும் நம் கை தெரியும்.

கேள்வி: இந்தத் துணிகளின் படங்களில் இலைகள் நீலமாக இருக்கின்றனவே, பச்சை தெரியாதவர்களா? (காரைக்குடி, கல்லூரி மாணவி)

பதில்: பச்சையாகத்தான் இருந்தது அம்மா. நீலம் முக்கிய இலையின் மேல் மஞ்சளைப் பூசிப் பச்சை வரவழைத்தார்கள். சிவப்பும் நீலமும் துவைத்தாலும் நிற்கும், அந்த மஞ்சள் நிற்காது, வெயிலிலும் துவைப்பிலும் அதுதான் முதலில் போகும். நீ பார்ப்பது மஞ்சள் போன இலை. மடிப்புக்குள்ளும் தையலுக்குள்ளும் வெளிச்சம் படாத இடத்தைப் பார்த்தால் சிலவற்றில் இன்னும் கொஞ்சம் பச்சை ஒட்டியிருக்கும்.

கேள்வி: நான் தேவகோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்கு அந்தக் காலத்து இங்கிலீஷ்காரப் பெண்ணின் கவுன் ஒன்று தைக்கச் சொல்கிறார்கள். படத்தைப் பார்த்தால் எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்றே புரியவில்லை. எப்படி வெட்டியிருப்பார்கள்?

பதில்: ஒரே உடுப்பாக நினைப்பதால்தான் புரியாமல் இருக்கிறது. உள்ளே சட்டை, இடுப்பை இறுக்கிக் கட்டுகிற கச்சு, அதற்கு மேல் முழுப் பாவாடை, எல்லாவற்றுக்கும் மேலே முன்பக்கம் திறந்த கவுன். முன்னால் விலகி நிற்கிற இடைவெளியில் பாவாடை தெரியும், அதனால் பாவாடையும் நல்ல துணியில் இருக்கும். மார்புக்கு முன்னால் முக்கோணமாக ஒரு துண்டு வைத்து அதன் மேல் கவுனை ஊசியால் குத்திக்கொள்வார்கள். பட்டன் வரிசையைத் தேடாதீர்கள், குண்டூசியும் நாடாவும்தான். மேல்பகுதிக்கு லினன் துணியில் உள்துணி கொடுத்து, முதுகில் துணியை வெட்டாமல் மடிப்பு மடிப்பாக வைத்துக் கையால் தைத்திருப்பார்கள். தையல் இயந்திரம் வராத காலம்.

துணியை வெட்டாமல் மடித்தார்கள் என்பதில்தான் விஷயம். கூலி மலிவு, துணிதான் விலை. ஐந்து பத்து ஆண்டு கழித்து மோஸ்தர் மாறும், அல்லது பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து உடம்பு போடும், அப்போது தையலைப் பிரித்து மடிப்பை விட்டு வேறு மாதிரி தைத்துக்கொள்வார்கள். மகளுக்கு வந்தால் மறுபடி பிரிப்பு. கடைசியில் குழந்தைச் சட்டை, தொப்பி, படுக்கை விரிப்பின் ஒட்டு என்று சிறுசாகிக்கொண்டே போகும். அருங்காட்சியகக் கவுன்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் பழைய ஊசித் துளைகளும், அக்குளுக்குக் கீழே பூ பொருந்தாமல் ஒட்டுப் போட்ட துண்டுகளும் தெரியும். பெரியாச்சி சேலை சின்னாச்சிக்குப் பாவாடையாகி அப்புறம் தொட்டில் துணியான வீடு நம்முடையது, நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

இன்னொன்று, கவுனில் பை தைக்காதீர்கள். பை தனியாக நாடாவில் கோத்து இடுப்பில், பாவாடைக்கு உள்ளே கட்டியிருப்பார்கள். பாவாடையின் பக்கவாட்டில் ஒரு வாய் விட்டிருக்கும், அதற்குள் கையை விட்டு எடுக்க வேண்டும். சுருக்குப் பையை இடுப்பில் செருகிய நம் ஆச்சிமார்களைப் பார்த்த குழந்தைகளுக்கு நாடகத்தில் அது உடனே பிடித்துப்போகும். துணிக்குக் காரைக்குடிக் கடைகளிலேயே வெள்ளை உடலில் பூக்கொடி போட்ட பருத்தி கிடைக்கும். பாலியஸ்டர் வேண்டாம், மடிப்பு நிற்காது.

கேள்வி: இங்கிலாந்தில் இந்தத் துணியை உடுத்தவே தடை இருந்ததாமே, உண்மையா? (சிவகங்கை)

பதில்: உண்மை. நம் துணி வந்து குவிந்ததில் அங்கே பட்டும் கம்பளியும் நெய்தவர்களுக்கு வேலை போயிற்று. 1701இல் இருந்து வண்ணம் போட்ட துணியை உள்நாட்டில் விற்கக் கொண்டுவரக் கூடாது என்றார்கள். வெள்ளைத் துணி வரலாம் என்று விட்டதால் அதை வாங்கி லண்டனிலேயே அச்சடித்தார்கள். 1719இல் லண்டனின் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதி நெசவாளர்கள் தெருவில் சீட்டி கட்டிப்போன பெண்களைத் துரத்தி, உடுப்பைக் கிழித்து, மையும் அமிலமும் ஊற்றினார்கள். வயிற்றுப்பாட்டுக்குப் போராடியவர்கள்தான், அதற்காகத் தெருவில் போகிற பெண்ணின் மேல் கைவைத்ததை என்னால் நியாயம் என்று சொல்ல முடியாது. 1721இல் போட்ட சட்டம் அச்சிட்ட பருத்தியை உடுத்தினாலே 5 பவுன் அபராதம் என்றது. 1774இல்தான் தங்கள் ஊரிலேயே நெய்த முழுப் பருத்திக்கு விலக்குக் கொடுத்தார்கள், அப்போதும் நம் துணிக்கு இல்லை. பிரான்சிலும் 1686 முதல் 1759 வரை தடை. இத்தனை தடைக்கும் நடுவில் கள்ளத்தனமாக வாங்கி உடுத்திக்கொண்டேதான் இருந்தார்கள்.

டச்சுக்காரர்கள் மட்டும் தடை போடவில்லை. அதனால்தான் பள்ளத்தூர் ஆச்சி அந்த நாட்டில் அவ்வளவு முழுசான கவுனைப் பார்க்க முடிந்தது. அங்கே ஹிண்டலோப்பன் என்ற துறைமுக ஊரில் சீட்டி அவர்கள் ஊர் உடையாகவே ஆகிவிட்டது. துக்க வீட்டுக்கு நீலச் சீட்டி, மற்ற நாளுக்குச் சிவப்பு என்று முறையே வைத்திருந்தார்கள்.

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் ஐயா வீட்டு இரண்டாம் கட்டுப் பெட்டகத்தில் ஒரு பூத்துணி சுருட்டி இருந்தது. பழைய சாமான் வாங்க வந்தவர் முந்நூறு வருடச் சீட்டி என்று சொல்லி ஒரு விலை கேட்கிறார். ஆத்தா கொடுக்காதே என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஆத்தா சொல்வதைக் கேளுங்கள், முதலில் கொடுக்காதீர்கள். அப்புறம் பகல் வெளிச்சத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து அதன் மேல் துணியைப் போடுங்கள். ஒரு பூவை எடுத்துக்கொண்டு அதே பூ அடுத்து எங்கே வருகிறது என்று பாருங்கள். இரண்டும் கோட்டுக்குக் கோடு ஒன்றாக, சரியான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அது உருளை அச்சு. உருளை அச்சு இங்கிலாந்தில் 1783இல் காப்புரிமை வாங்கிய முறை, மான்செஸ்டர் துணியெல்லாம் அப்படித்தான் வந்து இறங்கியது. கையால் எழுதியதில் கோடு ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும், எந்த இரண்டு இலையும் அச்சு அசலாக இருக்காது. கறுப்புக் கோடு ஓடுகிற இடத்தில் துணி அரித்துப்போயிருந்தால் அது பழைய இரும்புக் காடிச் சாயத்துக்கு ஓர் அடையாளம், அந்தச் சாயம் காலப்போக்கில் நூலையே தின்றுவிடும். பளிச்சென்ற கத்தரிப்பூ நிறம் இருந்தால் பெரும்பாலும் 1856க்குப் பிற்பட்டது, செயற்கைச் சாயம் அதன்பிறகுதான் வந்தது. கரையோரத்தில் மூன்று நீல இழைகள் ஓடினால் அது 1774க்கும் 1811க்கும் இடையில் இங்கிலாந்தில் நெய்தது, சட்டப்படி அந்த அடையாளம் போட வேண்டியிருந்தது.

நம் பக்கத்துப் பெட்டகங்களில் நான் இதுவரை பார்த்தது எல்லாம் மான்செஸ்டர் துணிதான். அதற்காகத் தூக்கிப் போடாதீர்கள், அதுவும் உங்கள் ஐயா கடல் கடந்து சம்பாதித்த காலத்துச் சாட்சி. எதுவாக இருந்தாலும் துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், மடித்த இடத்திலேயே மறுபடி மடிக்காதீர்கள். கஞ்சி போகத் துவைத்த மல் துணியோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள், மரம் நேரே படக் கூடாது. வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைக்கலாம், துணிக்கு மேலே வேண்டாம்.

கேள்வி: அந்தக் கவுன்களுக்குத் துணி ஏற்றுமதி செய்தது நம் நகரத்தார்கள்தான் என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். சரியா? (கோட்டையூர்)

பதில்: பெருமைக்காகச் சேர்த்துச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கம்பெனிகளுக்குத் துணி பிடித்துக் கொடுத்தவர்கள் கரையோரத் துறைமுகங்களில் இருந்த வணிகர்களும், இரண்டு மொழி பேசி இடையில் நின்ற துபாஷிகளும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் அந்த உலகம் தெரியும். நகரத்தார்களுக்கு அந்தக் காலத்தில் உப்பு வியாபாரம், பழனிப் பாதயாத்திரையோடு சேர்ந்து வளர்ந்த வியாபாரம். பர்மா, மலேயா பணமும் தேக்குத் தூண்களும் 19ஆம் நூற்றாண்டில்தான். கவுனுக்கும் உங்கள் வீட்டு முகப்புக்கும் நடுவில் நூறு ஆண்டு இருக்கிறது.

கேள்வி: பனியனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? (புதுவயல்)

பதில்: உண்டு! வணிகரைக் குறிக்கிற குஜராத்திச் சொல் போர்த்துக்கீசியர் வாயில் பனியன் ஆயிற்று. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆண்கள் வீட்டில் போட்டுக்கொண்ட தொளதொள அங்கிக்கு அந்தப் பெயர் ஒட்டியது, அதைச் சீட்டியிலும் தைத்தார்கள். பெயர் நம் ஊருக்குத் திரும்பி வந்து உள்சட்டைக்கு நின்றுவிட்டது.

கேள்வி: சாயவேர் இப்போதும் கிடைக்கிறதா? எங்கே போனால் இந்த வேலையைப் பார்க்கலாம்? (திருப்பத்தூர்)

பதில்: கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டைக்குப் போங்கள். தஞ்சை மராட்டிய அரண்மனைக்குச் சேலை எழுதிய கருப்பூர் மரபின் தொடர்ச்சி அங்கே இருக்கிறது, இப்போது எழுதுவது பெரும்பாலும் கோயிலில் உருளையாகத் தொங்கவிடுகிற தொம்பைகளும் விதானத் துணிகளும். கருப்பூர்க் கலம்காரிக்கு, அதாவது இந்தத் துணி எழுத்துக்கு, 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சாயவேரை நீங்கள் வேறு பெயரில் பார்த்திருப்பீர்கள். நாட்டு மருந்துக் கடையில் இம்பூறல் என்று கேளுங்கள், ரத்தப்போக்குக்குக் கொடுக்கிற அதே செடி. கடற்கரை மணலில் தானாக முளைக்கும், கிளிஞ்சல் கலந்த மணலில் வளர்ந்த வேருக்குச் சிவப்பு அதிகம், அந்தச் சுண்ணாம்புச் சத்துதான் காரணம். தொண்டிப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனபோது இரண்டு பிடி வேர் கொண்டுவந்தேன். குச்சி போல மெல்லிசாக இருக்கிறது, நிறம் இருப்பது வெளித்தோலில் மட்டும். கடுக்காயில் ஊறவைத்த வெள்ளைத் துணியில் படிகாரத்தால் ஒரு வட்டம் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றினேன். முதல் அரை மணி நேரம் தண்ணீர்தான் அழுக்கு மஞ்சளாக மாறியது. அப்புறம் நான் போட்ட வட்டம் மட்டும், செங்கல் நிறத்தில், மெதுவாக மேலே வந்தது. அந்தத் துண்டைச் சமையல்கட்டில் கைபிடித் துணியாக வைத்திருக்கிறேன். மூன்று வருடமாகத் துவைக்கிறேன், துணி நைந்துவிட்டது, வட்டம் அப்படியே இருக்கிறது.